பட்டன் வைத்த காரா, டச் ஸ்கிரீன் காரா? திருகோணமலை வெயிலுக்கும் மாரி மழைக்கும் எது சரிவரும்?

உப்புவெளி வாசி

வணக்கம். வீட்டுக்கு ஒரு கார் பார்க்கிறம். கடைசியில ரெண்டில வந்து நிக்குது. ஒன்று ஜப்பானில ஓடி வந்த டொயோட்டா அக்வா. ஏசி முழுக்கப் பட்டன். மற்றது 2025 பெப்ரவரியில தனியார் வாகன இறக்குமதி திறந்தாப் பிறகு கனக்க வந்த மின்சாரக் கார்களில ஒன்று. நடுவில அகலமான திரை, ஏசியின்ர குளிரைக் கூட்டிக் குறைக்கிறதும் அதுக்குள்ளதான்.

விலை, வரி, சார்ஜ் பற்றி இந்த இழையில கேட்கேல்லை. கட்டுப்பாடுகள் பற்றி மட்டும் தெரிஞ்சவை சொல்லுங்கோ. இரவில கந்தளாய் – ஹபரணை றோட்டால ஓடவேண்டி வரும். மாரியில கண்ணாடி புகார் பிடிக்கிற (ஈரத்தில வெள்ளையா மங்குற) நேரம் திரைக்குள்ள மெனு தேடுறது எவ்வளவு சிக்கல்? கடற்கரை உப்புக்காற்றும் வெயிலும் எதை முதல் கெடுக்கும், பட்டனையா திரையையா? பழுதானா திருகோணமலைக்குள்ளேயே செய்யலாமா? அப்பாவும் ஓட்டுவார். வயது 67, வாசிக்கிறதுக்குக் கண்ணாடி போடுறவர்.

ஓர்ஸ் ஹில்

தம்பி, காரை ரெண்டு வகையாப் பிரிக்க முதல் வேலையைப் பிரியுங்கோ. ஓடிக்கொண்டிருக்கேக்க, றோட்டில இருந்து கண் எடுக்காமல், உடனே செய்யவேண்டிய வேலைகள் கொஞ்சம்தான்: சிக்னல், ஹோர்ன், வைப்பர், ஹசார்ட், லைட், முன்கண்ணாடிப் புகார் நீக்கி, சத்தம் குறைக்கிறது, குளிர் கூட்டிக் குறைக்கிறது. இந்த எட்டும் கைக்குத் தட்டுப்படவேணும். வரைபடம், போன் இணைப்பு, பாட்டுப் பட்டியல், காரின்ர மற்ற அமைப்புகள் எல்லாம் திரையில இருந்தா ஒரு குறையும் இல்லை. திரையிலதான் அது நல்லா இருக்கும்.

ஐரோப்பாவின் யூரோ என்கேப் பாதுகாப்புச் சோதனையும் இந்த வழிக்குத்தான் வந்திருக்கு. 2026 தொடக்கம் சிக்னல், ஹசார்ட், ஹோர்ன், வைப்பர், அவசர அழைப்பு இந்த ஐந்துக்கும் தனியான கட்டுப்பாடு வேணும், இல்லாட்டி முழு ஐந்து நட்சத்திரம் எடுக்கிறது கஷ்டம். எங்கட நாட்டுக்கு அது சட்டம் இல்லை. ஆனா ஐரோப்பாவுக்கும் அனுப்புற கொம்பனிகள் அதைக் கணக்கில எடுத்துத்தான் உள்பக்கத்தை வடிவமைக்கவேணும். கவனிச்சுப் பாருங்கோ, அந்த ஐந்துக்குள்ள ஏசியும் புகார் நீக்கியும் இல்லை. எங்கட மாரிக்கு அதுதான் முக்கியம். ஆகவே நட்சத்திரத்தை மட்டும் நம்பி எடுக்கவேண்டாம்.

எண்ணிக்கையோட பார்க்கவேணும் என்றால் 2022இல சுவீடனின் வி பிலாகரே சஞ்சிகை செய்த சோதனை இருக்கு. கைவிட்ட விமான ஓடுபாதையில மணிக்கு 110 கி.மீ வேகத்தில ஓடிக்கொண்டே ஆசனச் சூடு கூட்டுறது, புகார் நீக்கி போடுறது, றேடியோ நிலையம் மாத்துறது, ஓடிய தூரக் கணக்கைப் பூச்சியமாக்குறது, டாஷ்போர்ட் வெளிச்சம் குறைச்சு நடுத்திரையை அணைக்கிறது எல்லாம் செய்யச் சொன்னவை. பட்டன் மட்டும் உள்ள 2005ஆம் ஆண்டு வோல்வோ வி70இல 10 விநாடி, 306 மீற்றர் ஓடி முடிய வேலையும் முடிஞ்சுது. எம்ஜி மார்வெல் ஆரில 44.9 விநாடி, 1372 மீற்றர். பிஎம்டபிள்யூ ஐஎக்ஸில 30.4 விநாடி. ஓட்டினவைக்குக் காரைப் பழக முதலே நேரம் குடுத்துத்தான் இந்தக் கணக்கு.

எங்கட சாதாரண றோட்டில காருக்கு எல்லை 70 கி.மீ. அந்த வேகத்தில விநாடிக்கு 19 மீற்றருக்கு மேல போகும். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2013இல வெளியிட்ட வழிகாட்டியில ஒரு பார்வை 2 விநாடிக்கு மேல போகக்கூடாது, ஒரு வேலைக்கு றோட்டில இருந்து கண் எடுக்கிற நேரம் எல்லாம் சேர்த்து 12 விநாடிக்குள்ள நிக்கவேணும் என்று இருக்கு. 2 விநாடி என்றால் ஹபரணை றோட்டில 39 மீற்றர். இரவில ஆனை றோட்டுக்கு ஏறுறதுக்கு அந்த 39 மீற்றர் காணும்.

அது காரில மட்டும் வந்த பிரச்சினையும் இல்லை. துறைமுக ஊரில இருக்கிற எங்களுக்கு விளங்கக்கூடிய உதாரணம்: 2017 ஓகஸ்ட் 21இல அமெரிக்கப் போர்க்கப்பல் ஜோன் எஸ். மக்கெயின் சிங்கப்பூருக்குப் பக்கத்தில எண்ணெய்க் கப்பலோட மோதி 10 மாலுமிகள் இறந்தவை. சுக்கானும் இயந்திர வேகமும் தொடுதிரையில இருந்தது. எந்த மேடையில இருந்து சுக்கான் இயங்குது, ரெண்டு இயந்திரமும் ஒன்றாச் சேர்ந்திருக்கா பிரிஞ்சிருக்கா என்று நிண்டவைக்குத் தெரியாமல் போனதை விசாரணை காரணங்களில ஒன்றாச் சொல்லுது. பிறகு அந்த வகைக் கப்பல்களில வேகத்துக்குக் கைப்பிடியைத் திரும்பப் போடுறதுக்கு அந்தக் கடற்படை முடிவெடுத்தது. கடலே தொழிலான மாலுமிகளுக்கே இப்பிடி என்றால் மழைக்குள்ள வீட்டுக் கார் ஓட்டுறவையை யோசியுங்கோ.

கிண்ணியா ஆட்டோ வயர்

எது முதல் கெடும் என்ற கேள்விக்கு வாறன். ரெண்டும் கெடும். கெடுற விதம் வேற, திருத்துற விதம் வேற.

பட்டனுக்கு எமன் உப்பு. உப்பு ஈரத்தை இழுத்து வைச்சிருக்கும், செப்பில பச்சை பிடிக்கும். முதல் போறது றைவர் கதவில இருக்கிற யன்னல் சுவிச். யன்னல் திறந்திருக்கேக்க மழையும் கடல்காற்றும் நேர அதிலதான் விழும். அடுத்தது ஸ்டியரிங் பட்டன். இதை விளக்கமாச் சொல்லவேணும், கனபேர் இதுக்காக முழுப் பாட்டு செட்டையே மாத்துகினம். ஸ்டியரிங் பட்டன் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வயர் வாறதில்லை. ஒரே வயரில ஒவ்வொரு பட்டனுக்கும் ஒவ்வொரு அளவு றெசிஸ்டர் (மின்தடை). அமத்தேக்க வாற வோல்ட் அளவைப் பார்த்துத்தான் செட் எந்தப் பட்டன் என்று அறியும். தொடுமுனையில பச்சை பிடிச்சா கொஞ்ச ஓம் கூடும், கணக்கு அடுத்த பட்டனுக்கு மாறிவிடும். சத்தம் கூட்ட அமத்தினா பாட்டு மாறும். செட்டில பிழை இல்லை. பட்டனைக் கழட்டி 99 வீத ஐசோபுரொப்பைல் அல்ககோலில பஞ்சுக் குச்சியைத் தோய்ச்சுத் துடைச்சுக் காயவிட்டாச் சரி. றப்பருக்குக் கீழ இருக்கிற கறுப்புக் காபன் பொட்டைச் சுரண்டக்கூடாது, சுரண்டினால் கடத்தாது. டபிள்யூடி-40 அடிக்கவேண்டாம். எண்ணெய்ப் படலம் நிண்டு தூசியைச் சேர்க்கும். மின்தொடுமுனைக்கென்று விக்கிற கிளீனரை வாங்குங்கோ.

ஸ்டியரிங்கைத் திருப்பேக்க மட்டும் ஹோர்ன் விட்டு விட்டு அடிக்குது, பட்டன் வேலை செய்யேல்லை, எயார்பேக் லைட்டும் எரியுது என்றால் அது பட்டன் இல்லை, ஸ்பைரல் கேபிள் (ஸ்டியரிங்குக்குள்ள சுருளா இருக்கிற வயர்). அதை ஒட்டுப்போடாமல் மாத்துறதுதான் சரி, எயார்பேக் வயரும் அதுக்குள்ளால போகுது.

ஸ்டியரிங்கில கை வைக்க முதல் பற்றறியின்ர நெகட்டிவ்வைக் கழட்டி ஆகக் குறைஞ்சது 90 விநாடி பொறுக்கவேணும். மஞ்சள் கனெக்டர் எல்லாம் எயார்பேக்கினது, அதில மீற்றர் வைச்சு ஓம் பார்க்கக்கூடாது. ஆனா ஜப்பான் டொயோட்டாவில இன்னொரு பொறி இருக்கு. முந்தின சொந்தக்காரர் பாதுகாப்புக் குறியீடு போட்டிருந்தா, பற்றறியைக் கழட்டினவுடன செட் பூட்டிக்கொண்டு ஜப்பான் மொழியில குறியீடு கேட்கும். வரைபட எஸ்டி காட்டை யாரோ எடுத்திருந்தாலும் செட் எழும்பாது, காட்டைப் போடு என்று மட்டும் காட்டும். ஆகவே வேலைக்கு விட முதல் காட் உள்ளுக்க இருக்கா என்று பாருங்கோ. பற்றறி மாத்தேக்க வேற 12 வோல்ட் பற்றறியால மின்சாரத்தைத் தொடர்ந்து குடுத்துக்கொண்டு மாத்தச் சொல்லுங்கோ. ஸ்டியரிங் வேலைக்கு மட்டும் அந்த வழி ஆகாது, அங்க மின்சாரம் முழுக்க நிக்கவேணும்.

இனித் திரை. திரைக்கு எமன் வெயில். நிலாவெளிப் பக்கம் கச்சான் காற்று அடிக்கிற மாசங்களில மூடி நிக்கிற காருக்குள்ள காற்றே 60 பாகைக்குக் கிட்டப் போகும், டாஷ்போர்ட் அதைவிடச் சுடும். கார் கொம்பனி போடுற திரை 85 பாகை வரைக்கும் தாங்கிற தரத்தில செய்யிறது. கடையில வாங்கிப் போடுற மலிவு அண்ட்ரொயிட் செட்டுகளில அந்தத் தரம் கிடையாது. சூட்டில முதல் வெளிச்சம் தானாக் குறையும், பிறகு தொட்டா மெதுவா வேலை செய்யும், கடைசியா கண்ணாடிக்கும் திரைக்கும் இடையில இருக்கிற பசை இளகிக் குமிழ் விடும்.

பழைய ஜப்பான் செட்டுகளில கனக்க அழுத்தினா வேலை செய்யிற வகை. மேல இருக்கிற தொடுபடலம் பழுதானா அதை மட்டும் மாத்தலாம், திரை அப்பிடியே கிடக்கும். புதுத் திரைகள் விரலின்ர மின்னை உணருற வகை, படலமும் திரையும் ஒன்றா ஒட்டினது, முழுசா மாத்தவேணும். அந்த வகைக்கு ஈரக் கையும் பிடிக்காது. கடலில குளிச்சிட்டு வந்து உப்புத் தண்ணிக் கையோட தொட்டுப் பாருங்கோ, ஒரு இடத்தைத் தொட இன்னொரு இடம் அமரும்.

தொடாமலே திரை தன்ர பாட்டில அமரத் தொடங்கினா அது அநேகமாத் தொடுபடலம் போறதின்ர அறிகுறி. 2013 கடைசியில வந்த மஸ்டா அக்சலாவில இது பேர்போன பழுது. அந்தக் காருக்கு ஒரு நல்ல வழி இருக்கு: கியருக்குப் பக்கத்தில சுழட்டுற குமிழாலேயே எல்லா வேலையும் செய்யலாம் என்றபடியா, திரைக்குப் பின்னால தொடுபடலத்தின்ர றிபன் வயரை மட்டும் கழட்டிவிட்டா திரை தெளிவா நிக்கும், பேய்த்தொடுகை நிக்கும். குமிழ் இல்லாத காரில இதே பழுது வந்தா ஏசியும் சேர்ந்து போகும். என்ர கணக்கில பெரிய வித்தியாசம் இதுதான். ஒரு பட்டன் போனா ஒரு வேலை போகும். திரை போனா அதுக்குள்ள இருக்கிற எல்லாம் போகும்.

டெஸ்லாவின்ர பழைய மொடல் எஸ், எக்ஸ் கார்களில 8 ஜிபி நினைவகச் சில்லு எழுதி எழுதித் தேய்ஞ்சு திரை செத்துப்போக, பின்கமராவும் புகார் நீக்கிக் கட்டுப்பாடும் சேர்ந்து போனது. 2021இல அமெரிக்காவில ஏறத்தாழ 135,000 கார்களைத் திருப்பி அழைக்கவேண்டி வந்தது.

நிலாவெளிப் பக்கம்

ரெண்டு பேரும் சொன்னதில பிழை இல்லை. ஆனா திரையின்ர பக்கத்தையும் ஒருக்காப் பாருங்கோ.

ஓர்ஸ் ஹில் அண்ணன் சொன்ன அதே சுவீடன் சோதனையில திரை வைச்ச டாசியா சன்டேரோ 13.5 விநாடி, வோல்வோ சி40 13.7 விநாடி. பழைய வோல்வோவின்ர 10 விநாடிக்கு அவ்வளவு தூரம் இல்லை. ஆகவே திரை இருக்கு என்றதுக்காக ஒரு காரைத் தள்ளவேண்டாம். மெனு எவ்வளவு ஆழம், எழுத்து எவ்வளவு பெரிசு, ஏசி வரிசை எப்பவும் திரையின்ர கீழ நிக்குதா இல்லாட்டி வரைபடம் வந்தவுடன மறையுதா, அதுதான் கேள்வி.

பட்டன் இருக்கு என்றதுக்காக எடுக்கவும் வேண்டாம். ஒரே அளவில, ஒரே உயரத்தில, ஒரே வரிசையில இருபது பட்டன் இருந்தா விரலுக்கு ஒன்றும் விளங்காது, குனிஞ்சு வாசிக்கத்தான் வேணும். பட்டன் மாதிரித் தெரியிற தொடுபலகையும் இருக்கு. முதல் தலைமுறை ஹொண்டா வெசலில ஏசிப் பலகை வழுவழுப்பான கறுப்புக் கண்ணாடி, பட்டன் இல்லை. எங்கட ஊரில கனக்க ஓடுற கார் அது. ஹொண்டாவே 2020 ஃபிட்டிலயும் 2021இல வந்த ரெண்டாம் தலைமுறை வெசலிலயும் சுழட்டுற குமிழுக்குத் திரும்பினது. ஆகவே வெசல் பார்க்கிறவை ஆண்டையும் பார்க்கவேணும். ஃபொக்ஸ்வாகன் எட்டாம் தலைமுறை கோல்ஃபில சத்தத்துக்கும் சூட்டுக்கும் வைச்ச வழுக்குப் பட்டைக்கு இரவில வெளிச்சமே இல்லை. இப்ப அவையும் சத்தம், சூடு, காற்று, ஹசார்ட்டுக்குப் பட்டன் போடுறம் என்று அறிவிச்சிட்டினம். எதிர்ப்பக்கமும் நடக்குது: குமிழுக்குப் பேர் எடுத்த மஸ்டா, 2025இல காட்டின புது சிஎக்ஸ்-5இல குமிழை எடுத்துப்போட்டுப் பெரிய திரை வைச்சிருக்கு.

மின்சாரக் கார் பற்றி: எல்லாத்தையும் ஒரே மாதிரி நினைக்கவேண்டாம். பிவைடி அட்டோ 3இல சத்தத்துக்கு உருளையும் முன்கண்ணாடிப் புகாருக்குப் பட்டனும் கியர்ப் பக்கம் கிடக்கு. திரையில எங்க என்றாலும் மூன்று விரலால வருடினா குளிரும் காற்றும் மாறும், மெனு தேடத் தேவையில்லை. ஏசியை ஆட்டோவில 25 பாகையில விட்டா நாள் முழுக்கத் தொடவேண்டிய தேவையே வராத ஆக்களும் இருக்கினம்.

உப்புவெளி வாசி

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு விசயம் இன்னும் விளங்கேல்லை. மாரியில கண்ணாடி புகார் பிடிச்சா சரியா என்ன செய்யவேணும்? அந்தப் பட்டனை அமத்தினா சில நேரம் கூடுது என்று சொல்லுகினம். மற்றது, அக்வாவை எடுத்தா ஜப்பான் செட்டைக் கழட்டி அண்ட்ரொயிட் செட் போடலாமா? ஏசிப் பட்டன் போய்விடுமா?

கந்தளாய்க் குளத்தடி

புகார் ரெண்டு வகை. முதல் எந்தப் பக்கம் என்று பாருங்கோ. விரலால உள்பக்கம் ஒரு கோடு இழுங்கோ. கோடு தெளிஞ்சா உள்ளுக்க. தெளியாட்டி வெளியில.

உள்பக்கம் பிடிக்கிறது மழைக்கு நனைஞ்ச ஆக்கள், ஈரக் குடை, ஈரக் கால்மிதி இருக்கேக்க. எங்கட ஊரில வெக்கைக்காக உள்காற்றுச் சுழற்சியிலேயே விட்டு ஓடுறது பழக்கம், அதனால ஈரம் வெளிய போகாது. முன்கண்ணாடிப் புகார் நீக்கிப் பட்டன் ஒரே அமத்தில மூன்று வேலை செய்யும்: கொம்பிரசரைப் போடும், வெளிக்காற்றைத் திறக்கும், காற்றைக் கண்ணாடிக்கு அனுப்பும். ஏசி காற்றில இருக்கிற ஈரத்தை உறிஞ்சுறபடியாத்தான் கண்ணாடி தெளியுது. குளிர் 24, 25 பாகையில இருந்தாப் போதும், காற்று வேகத்தைக் கூட்டுங்கோ. திரைக்குள்ள இதுகளைத் தனித்தனியாத் தேடவேண்டி வந்தா, மூன்றையும் செய்து முடிக்க முதல் கண்ணாடி முழுக்க வெள்ளையாகிப் போகும். ஆகவே இந்த ஒரு பட்டன் கையில இருக்கிற காரைத்தான் எடுக்கச் சொல்லுவன், மற்றது எப்பிடி இருந்தாலும்.

வெளிப்பக்கம் பிடிக்கிறது ஏசி கண்ணாடியைக் குளிராக்கிப்போட்டு, வெளியில காற்று ஈரமாவும் சூடாவும் இருக்கேக்க. மழை விட்ட இரவில, குளக்கட்டுப் பக்கம் இது வரும். இதுக்குப் பாகையைக் குறைச்சு வைச்சுக்கொண்டு புகார் நீக்கியை அமத்தினா கண்ணாடி இன்னும் குளிர்ந்து புகார் கூடும். நீங்கள் கேள்விப்பட்டது இதைத்தான். வைப்பரை ஒருக்கா இழுத்துவிட்டு, காற்றை முகத்துக்கு அல்லது காலுக்கு மாத்தி, பாகையை ரெண்டு மூன்று கூட்டுங்கோ.

வைப்பரும் ஸ்டியரிங் பக்கத் தண்டிலேயே இருக்கவேணும். ஜேர்மனியில டெஸ்லா ஒன்றின்ர வைப்பர் வேகத்தைத் திரையில மாத்தப்போய் மழைக்குள்ள றோட்டை விட்டு விலகினவருக்கு 200 யூரோ தண்டமும் ஒரு மாத ஓட்டத்தடையும் விழுந்தது. திரையையும் கைப்போன் மாதிரி ஒரு மின்கருவி என்றே கணக்கெடுத்து 2020இல கார்ல்ஸ்ரூ மேல்நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தினது.

அப்பாவின்ர கண் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. வாசிக்கிற கண்ணாடி ஏறக்குறைய 40 சென்ரிமீற்றர் தூரத்துக்கு. திரை இருக்கிறது அதைவிடத் தூர, 70 சென்ரிமீற்றர் அளவில. கண்ணாடி போட்டா றோட்டு மங்கும், போடாட்டித் திரை மங்கும். றோட்டில இருந்து திரைக்கும் திரும்ப றோட்டுக்கும் பார்வை பிடிபட வயது போனவைக்குக் கூட நேரம் எடுக்கும். குமிழுக்கு வாசிக்கவே தேவையில்லை. திரைக் கார்தான் என்று முடிவானா, எழுத்து அளவைப் பெரிசாக்கலாமா என்று அமைப்பில பாருங்கோ. கண் வைத்தியரிட்ட இடைத்தூரமும் சேர்ந்த கண்ணாடி எழுதித்தரச் சொல்லலாம். கறுப்புக் கண்ணாடி போலறைஸ்ட் என்றால் சில திரைகள் அதால பார்க்கேக்க கறுத்துப்போகும், கடையில வைச்சே போட்டுப் பாருங்கோ.

காலமை திருகோணமலையில இருந்து கந்தளாய்ப் பக்கம் ஓடேக்க வெயில் பின்கண்ணாடியால வந்து திரையில விழும், சாய்வு இல்லாத பளபளப்புத் திரையில வரைபடம் தெரியாது. காரைப் பார்க்கப் போறதும் அந்த நேரம் போங்கோ.

கிண்ணியா ஆட்டோ வயர்

அண்ட்ரொயிட் செட் கேள்விக்கு. அக்வாவில ஏசிப் பலகை தனி, செட் தனி. செட்டைக் கழட்டினா ஏசிக்கு ஒன்றும் வராது. ஏசியும் கார் அமைப்பும் செட்டுக்குள்ளாலதான் போகுது என்ற கார்களில கை வைக்கவேண்டாம்.

போடேக்க கவனிக்கிறது: டொயோட்டாவின்ர இடம் 200 மில்லிமீற்றர் அகலம், பொதுவான இரட்டை அளவுச் செட் 178. பக்கத்தில இடைவெளி விடாமல் டொயோட்டா அளவுச் செட் அல்லது சரியான சட்டம் (செட்டைச் சுத்திப் போடுற பிறேம்) எடுங்கோ. 10 அங்குலத் திரை வெளிய தள்ளி நிக்கிற சட்டங்கள் சில காரில ஹசார்ட் பட்டனை அல்லது காற்று வாயை மறைக்கும். ஹசார்ட்டை மறைக்கிற சட்டத்தை இலவசமாத் தந்தாலும் வேண்டாம். சத்தத்துக்குச் சுழட்டுற குமிழ் உள்ள செட்டாப் பாருங்கோ, 7 அங்குலத்தில கிடைக்கும்.

வயர் வெட்டி முறுக்கி ரேப் சுத்த விடாதேங்கோ. உப்புக்காற்றுக்கு அந்த முறுக்கு பச்சை பிடிக்கும். டொயோட்டாவின்ர 10 முனை, 6 முனை கனெக்டர் வயர்க்கட்டு தனியா விக்குது, வெட்டாமல் கொழுவலாம். மஞ்சள் எப்பவும் மின், சிவப்பு சாவி போட்டா மட்டும். ரெண்டும் மாறினா ஒவ்வொருக்கா நிப்பாட்டேக்கயும் அமைப்பெல்லாம் அழியும், காரும் நிண்டபடி பற்றறியைத் தின்னும். செம்மஞ்சள் வயர் லைட்டுக்கு. கனபேர் அதைக் கொழுவாமல் விடுகினம். கொழுவாட்டி லைட் போட்டாலும் திரை பகல் வெளிச்சத்திலேயே நிக்கும், ஹபரணைக் காட்டுக்குள்ள அந்த வெளிச்சம் கண்ணில அடிச்சா றோட்டோரம் நிக்கிற ஆனை தெரியாது. செம்மஞ்சளைக் கட்டாயம் கொழுவச் சொல்லி, லைட்டைப் போட்டுக் குறையுதா என்று நிண்டு பார்த்து எடுங்கோ.

டொயோட்டாவின்ர சொந்தப் பின்கமராக்கள் பல 6 வோல்ட்டில ஓடுறது. அண்ட்ரொயிட் செட்டின்ர 12 வோல்ட்டை நேரக் குடுத்தா எரிஞ்சு போகும், இடையில வோல்ட் குறைக்கிற மொடியூல் வேணும். ஸ்டியரிங் பட்டனுக்குச் செட்டின்ர அமைப்பில பழக்குற பக்கம் இருக்கும். திரையில வேலையைத் தெரிஞ்சு, பட்டனை அமத்திப் பிடிச்சு, ஒவ்வொன்றாப் பதியவேணும். பட்டன் தொடுமுனையைத் துடைச்ச பிறகு பதியுங்கோ. அழுக்கோட பதிஞ்சா, பிறகு துடைக்கிற நாளில கணக்கு மாறும்.

ஜப்பான் செட்டையே வைச்சிருக்க யோசிச்சா, றேடியோ 76இல தொடங்கிற ஜப்பான் அலைவரிசை. எங்கட 87.5 – 108க்கு அன்டெனா வயரில அலைமாற்றி போடவேணும்.

ஓர்ஸ் ஹில்

காரை எடுக்க முதல் செய்யிற சோதனை ஒன்று. நிண்ட இடத்தில, கைப்பிறேக் போட்டு, பார்வையை முன்னால ஒரு மரத்தில வைச்சுக்கொண்டு, பக்கத்தில இருக்கிறவர் சொல்லச் சொல்லச் செய்யுங்கோ: வைப்பர் வேகம் கூட்டு, ஹசார்ட் போடு, புகார் நீக்கி போடு, சத்தம் குறை, பாகை ரெண்டு கூட்டு. மரத்தில இருந்து கண் எடுக்கவேண்டி வந்தா அந்த வேலையைக் குறிச்சு வையுங்கோ. அப்பாவையும் அதே மாதிரிச் செய்யச் சொல்லுங்கோ. அவருக்கு எது வராதோ அதுதான் உங்கட பட்டியல்.

பிறகு திரையை ஈர விரலால தொடுங்கோ. காரை நிப்பாட்டி, திரும்பப் போட்டவுடன றிவர்ஸ் கியர். திரை எழும்ப எடுக்கிற நேரத்துக்குள்ள பின்கமரா வருதா என்று பாருங்கோ. திரையை அணைச்சுப்போட்டு ஹசார்ட்டும் ஏசியும் வேலை செய்யுதா என்றும் பாருங்கோ.

நிலாவெளிப் பக்கம்

திரை எடுத்தா ஒன்று. கடற்கரையில நிப்பாட்டினா முன்கண்ணாடிக்கு வெயில் மறைப்பு போடுங்கோ. துடைக்க முதல் மணலை ஊதிப்போட்டு, கொஞ்சம் நனைச்ச மைக்ரோஃபைபர் துணியால துடையுங்கோ. அமோனியா கலந்த கண்ணாடித் திரவம் மேல்பூச்சை உரிச்சுப்போடும். அழுத்தினா வேலை செய்யிற பழைய ஜப்பான் செட்டில போனுக்கு ஒட்டுற கண்ணாடிக் காப்பை ஒட்டவேண்டாம், தொடுகை அடியோட வேலை செய்யாது. மினுக்கம் குறைக்கிற மெல்லிய பிளாஸ்ரிக் படலம் என்றால் சரி.

உப்புவெளி வாசி

நல்லது. சனிக்கிழமை காலமை ரெண்டு காரையும் கந்தளாய் றோட்டில வைச்சுப் பார்க்கப்போறம், அப்பாவும் வாறார். கிண்ணியா ஆட்டோ வயர் அண்ணா, அக்வாவின்ர எஸ்டி காட் எங்க இருக்கும், திரைக்குப் பின்னாலயா?

கிண்ணியா ஆட்டோ வயர்

செட்டைப் பொறுத்தது. கன டொயோட்டா செட்டுகளில திரையை முன்னால சரிச்சா அதுக்குள்ள இருக்கும். திறக்கிற பட்டன் செட்டின்ர முகப்பில. கார் ஓடாமல், சாவி முதல் நிலையில இருக்கேக்க திறந்து பாருங்கோ. காட்டை வெளிய இழுக்கவேண்டாம், இருக்கு என்று பார்த்தாக் காணும். வெறும் துவாரம் என்றால் விக்கிறவரிட்ட அங்கேயே கேளுங்கோ, காசு குடுத்தாப் பிறகு அந்தக் காட் கிடைக்காது.